வாக்குமூலத்தின் தமிழ் எங்கே இருக்கிறது? மொழிபெயர்ப்புக் கோப்புகளிலிருந்து மூல வசனங்களை மீட்பது பற்றி

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் தங்களுக்கு நடந்ததை ஒரு தடவை அல்ல, பல தடவைகள் சொல்லியிருக்கிறார்கள். 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016இல் மக்கள் கருத்தறிந்த கலந்தாலோசனைச் செயலணி, 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 தீர்மானத்துக்குப் பிறகு, சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் ஒரு செயற்பாடும் ஜெனீவாவில் நடக்கிறது. இவை தவிர, உள்ளூர் அமைப்புகள் எழுதியெடுத்த வாக்குமூலங்கள் தனி.

சொன்னவர்கள் தமிழில் சொன்னார்கள். ஆனால் அறிக்கைகளிலும் சமர்ப்பணங்களிலும் இன்று நாம் படிப்பது பெரும்பாலும் அதன் ஆங்கில வடிவம். அந்தத் தமிழ் எங்கே போனது என்ற கேள்விக்கு ஒரு தொழில்நுட்பப் பதில் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாமல் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தமிழ் - ஆங்கில மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்கிறவன். சில வருடங்களுக்கு முன்னர் ஓர் அமைப்பின் செயற்றிட்டம் முடிந்து, நிதி நின்று, அலுவலகம் மூடப்பட்டது. ஆங்கில அறிக்கை பிடிஎஃப் ஆகக் கையில் இருந்தது. தமிழில் தட்டச்சு செய்த வாக்குமூலங்கள் இருந்த கணினி பழுதாகிவிட்டது. எஞ்சியது ஒரு வன்தட்டில் இருந்த மொழிபெயர்ப்பு மென்பொருளின் கோப்புறை மட்டும்தான். மென்பொருளின் உரிமமும் காலாவதியாகிவிட்டது. கோப்பில் இரட்டைச் சொடுக்குச் செய்தால் எதுவும் திறக்கவில்லை. தமிழ் மூலம் அழிந்துவிட்டது என்றே அங்கிருந்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள். உண்மையில் ஒரு வசனமும் அழியவில்லை. சிறிய ஒரு நிரல் எழுதி, மென்பொருள் எதையும் வாங்காமல், எல்லாவற்றையும் வெளியே எடுக்க முடிந்தது.

மென்பொருள் வாக்குமூலத்தை என்ன செய்கிறது?

மொழிபெயர்ப்பு மென்பொருள் என்றால் கூகிள் மொழிபெயர்ப்பு போன்ற ஒன்றைச் சிலர் நினைக்கலாம். இது வேறு. ட்ராடோஸ், மெமோகியூ, ஒமேகாரி போன்றவை மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து வேலை செய்யும் மேசை மாதிரி. ஒரு வேர்ட் ஆவணத்தைக் கொடுத்தால் அதைத் துண்டுகளாகப் பிரிக்கும். பெரும்பாலும் ஒரு வசனம் ஒரு துண்டு. இடப்பக்கத்தில் மூல வசனம், வலப்பக்கத்தில் நாம் எழுதும் மொழிபெயர்ப்பு. எழுதி முடித்ததும் வலப்பக்கத் துண்டுகளைச் சேர்த்து ஆங்கில ஆவணமாக வெளியே தரும்.

இந்த வேலை முழுவதும் ஓர் இடைக்கோப்பில் நடக்கிறது. அந்தக் கோப்பில் இரண்டு மொழிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆங்கில ஆவணம் கையில் வந்தவுடன் எல்லோரும் இடைக்கோப்பை மறந்துவிடுகிறார்கள். ஆனால் வாக்குமூலத்தின் ஒவ்வொரு தமிழ் வசனமும், அதற்கு நேராக எந்த ஆங்கில வசனம் எழுதப்பட்டது என்பதும் அதில்தான் இருக்கிறது. பிடிஎஃப் அறிக்கையிலிருந்து இந்த இணைப்பை ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

கோப்புக்குள் என்ன இருக்கிறது?

இந்தக் கோப்புகளில் பெரும்பாலானவை எக்ஸ்லிஃப் என்ற பொது வடிவத்தையோ அதன் வழிவந்த ஒன்றையோ பின்பற்றுகின்றன. ஓயாசிஸ் என்ற தரநிர்ணய அமைப்பு அதன் 1.2 பதிப்பை 2008இலும் 2.0 பதிப்பை 2014இலும் வெளியிட்டது. ட்ராடோஸின் எஸ்டிஎல்-எக்ஸ்லிஃப் கோப்பும் மெமோகியூவின் கோப்பும் 1.2 பதிப்பின் மேல் தங்கள் சொந்தச் சேர்க்கைகளைப் போட்டவை. அடிப்படையில் எல்லாம் எக்ஸ்எம்எல், அதாவது வெறும் எழுத்து. நோட்பாடில் திறந்தாலே தமிழ் கண்ணுக்குத் தெரியும்.

உள்ளே அடைப்புக்குறிகளுக்குள் பெயர் எழுதிய பெட்டிகள் வரிசையாக இருக்கும். 'ட்ரான்ஸ்-யூனிட்' என்பது பெரும்பாலும் ஒரு பந்தியளவான பெட்டி. அதற்குள் 'சோர்ஸ்' என்ற பெட்டியில் தமிழ் மூலம், 'டார்கெட்' என்ற பெட்டியில் மொழிபெயர்ப்பு. ட்ராடோஸ் கோப்பில் 'செக்-சோர்ஸ்' என்ற இன்னொரு பெட்டியும் வரும். 'சோர்ஸ்' பந்தியை முழுதாக வைத்திருக்க, 'செக்-சோர்ஸ்' அதை வசனங்களாக எண்ணிட்டுப் பிரித்து வைத்திருக்கும். 'டார்கெட்' பெட்டியிலும் அதே எண்கள் இருப்பதால் எந்தத் தமிழ் வசனத்துக்கு எது ஆங்கிலம் என்று பொருத்தலாம்.

ஒமேகாரி இலவச மென்பொருள். அது மூல ஆவணத்தை 'சோர்ஸ்' என்ற கோப்புறையில் அப்படியே வைத்துக்கொள்கிறது. மொழிபெயர்த்த வசன இணைகளை ரிஎம்எக்ஸ் என்ற வடிவில் தனியே சேமிக்கிறது. ட்ராடோஸ் அனுப்பும் செயற்றிட்டப் பொதிகள் வேறு பெயர் சூட்டிய ஸிப் கோப்புகள்தான். கோப்பு நீட்டிப்பை ஸிப் என்று மாற்றினால் திறக்கும்.

இன்னொரு விடயம். ட்ராடோஸ் கோப்பின் தலைப்பகுதியில் நீளமான, அர்த்தமற்ற எழுத்துக் குவியல் ஒன்றைக் காணலாம். அதைக் குப்பை என்று அழித்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது மூல ஆவணத்தின் பிரதி, பேஸ்64 என்ற முறையில் எழுத்தாக மாற்றி உள்ளே வைக்கப்பட்டது. அதையும் நிரலால் திரும்ப எடுக்கலாம்.

நிரல் எப்படி வாசிக்கிறது?

பைதன் என்ற இலவச நிரல்மொழியில் எக்ஸ்எம்எல் வாசிக்கும் வசதி ஏற்கெனவே உண்டு. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கோப்பைத் திற, ஒவ்வொரு பெட்டியாகப் போ, 'சோர்ஸ்' பெட்டியில் இருப்பதை எடு, கோப்பின் பெயரோடும் வசன எண்ணோடும் ஒரு வரியாக எழுது. இருபது, முப்பது வரிகளில் முடியும். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்த பிள்ளை ஒருவர் ஒரு பின்னேரத்தில் எழுதிவிடுவார். ஆனால் எங்கள் தமிழ்க் கோப்புகளில் ஐந்து இடங்களில் சறுக்கும். இவற்றை அறியாமல் எடுத்தால், எடுத்தது முழுமையானது என்று நம்பிக்கொண்டு குறையான ஆவணத்தைப் பாதுகாப்போம்.

முதலாவது, பெயர்வெளி. எக்ஸ்லிஃப் கோப்பில் ஒவ்வொரு பெட்டியின் பெயருக்கு முன்னாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீண்ட முன்னொட்டு இருக்கிறது. முன்னொட்டைச் சேர்க்காமல் 'சோர்ஸ்' என்று மட்டும் தேடினால் நிரல் எதையும் கண்டுபிடிக்காது, பிழை என்றும் சொல்லாது. விளைவு பூச்சியம் என்று வரும். கோப்பு வெறுமை என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் குறிகள். இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது. வாக்குமூலங்களில் காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரைத் தடித்த எழுத்தில் போடுவது வழக்கம். தடித்த எழுத்து தொடங்கும் இடத்தில் மென்பொருள் ஒரு சிறிய குறியை வைக்கிறது. பைதனில் பெட்டியின் எழுத்தைக் கேட்கும் மிக எளிய கட்டளை, முதலாவது குறி வரும் வரை உள்ளதை மட்டுமே தரும். 'என்னுடைய மூத்த மகன்' என்று தொடங்கும் வசனத்தில் அடுத்து தடித்த எழுத்தில் பெயர் வந்தால், பெயரும் அதற்குப் பின்னால் வரும் திகதியும் இடமும் எல்லாம் விடுபட்டு, 'என்னுடைய மூத்த மகன்' என்ற மூன்று சொற்கள் மட்டும் எஞ்சும். எனவே பெட்டிக்குள் இருக்கும் எல்லாத் துண்டுகளையும் வரிசையாகச் சேர்க்கும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். வரி முறிவுக்கான குறி இருந்த இடத்தில் ஓர் இடைவெளியும் விட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, முதலெழுத்துகள். மென்பொருள் முற்றுப்புள்ளியைப் பார்த்து வசனத்தைப் பிரிக்கிறது. ஆங்கிலத்தில் அடுத்த சொல் சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்று பார்த்து ஓரளவு சரிசெய்துகொள்ளும். தமிழில் அந்த வேறுபாடு இல்லை. அதனால் 'திரு.' என்பதற்குப் பின்னாலும், 'க.' என்ற முதலெழுத்துக்குப் பின்னாலும் வசனம் முடிந்ததாக எண்ணிப் பெயரை இரண்டு துண்டுகளில் போட்டுவிடலாம். துண்டுகளில் முழுப்பெயரைத் தேடினால் கிடைக்காது. பந்தியை முழுதாக வைத்திருக்கும் 'சோர்ஸ்' பெட்டியையும் சேர்த்து எடுப்பது இதற்காகத்தான். மறுபுறம், பேச்சை அப்படியே எழுதியெடுத்த வாக்குமூலங்களில் முற்றுப்புள்ளியே இல்லாமல் அரைப் பக்கம் ஒரே துண்டாகவும் கிடக்கும்.

நான்காவது, பாமினி. எங்கள் அலுவலகங்களில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். அது யுனிகோட் அல்ல. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. மெய்யெழுத்தின் புள்ளி அங்கே ஓர் ஆங்கில அரைப்புள்ளி. இடைக்கோப்பில் எழுத்துருத் தகவல் வேறிடத்தில் இருப்பதால், மூலப் பெட்டியில் அரைப்புள்ளிகள் நிறைந்த ஆங்கில எழுத்துக் கலவைதான் தெரியும். கோப்பு பழுதடைந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. பாமினியை யுனிகோடாக மாற்றும் நிரல்கள் இருக்கின்றன. ஒரே ஆவணத்தில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால் அவையும் தவறாகத் தமிழாகிவிடும். அந்த இடங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும்.

ஐந்தாவது, யுனிகோடுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் அரவுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு. கொக்குத்தொடுவாய் என்று ஒரு விதமாகத் தேடினால் மற்ற விதமாகத் தட்டச்சு செய்தது அகப்படாது. தேடுவதற்கு முன்னர் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் கட்டளை பைதனில் உண்டு.

எடுத்ததைச் சேமிக்கும்போதும் யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்க வேண்டும். அப்படிச் செய்த பட்டியலை எக்செலில் நேரடியாகத் திறந்தால் சில வேளைகளில் தமிழ் சிதைந்து தெரியும். கோப்பின் தொடக்கத்தில் யுடிஎஃப்-8 அடையாளக் குறியைச் சேர்த்துச் சேமித்தால் அது சரியாகும். நிரல் எழுத யாரும் இல்லை என்றால் ஒகாபி என்ற இலவசக் கருவித் தொகுதியைக் கணினியில் நிறுவிப் பயன்படுத்தலாம்.

எடுத்து என்ன பயன்?

தமிழைக் காப்பாற்றுவது முதலாவது பயன். இரண்டாவது, மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது. என்னைப் பொறுத்தவரை இது அதற்குக் குறையாத முக்கியம் உடையது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இது நானே உருவாக்கிய வசனம். 'வட்டுவாகல் பாலத்தடியில ஆமிக்காரரிட்ட நாங்கள்தான் எங்கட கையால மகனைக் குடுத்தனாங்கள்.' இதை ஆங்கிலத்தில் 'மகன் வட்டுவாகலில் காணாமல்போனார்' என்ற பொருளில் எழுதிவிடலாம். இலக்கணப் பிழை இல்லை. படிக்கவும் சரளமாக இருக்கும். ஆனால் யாரிடம், யார் கையால், சரியாக எந்த இடத்தில் கையளித்தார்கள் என்ற மூன்றும் போய்விட்டன. ஒரு வழக்கில் அந்த மூன்றும்தான் கேட்கப்படும். 'பிடிச்சுக்கொண்டு போனவை' என்பது 'கைது' ஆவதும், 'கையளித்தோம்' என்பது 'சரணடைந்தார்' ஆவதும் இதே வகை.

'காணாமல்போனோர்' என்று சொல்லாதீர்கள், 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்லுங்கள் என்று குடும்பங்கள் வலியுறுத்துவது நமக்குத் தெரியும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தைத் தொடங்கியவர்களின் பதாகைகளிலும் அந்த வேறுபாடு இருந்தது. மொழிபெயர்ப்பு மென்பொருளில் இந்த வேறுபாடு தொலைவதற்கு ஒரு தனி வழி இருக்கிறது. ஒரு வசனத்தை ஒரு தடவை மொழிபெயர்த்தால் அது நினைவகத்தில் சேரும். அதே வசனம் மீண்டும் வந்தால் பழைய மொழிபெயர்ப்பைத் தானாகவே போடும். முதலாவது வாக்குமூலத்தில் நுழைந்த ஒரு மங்கலான சொல் நூறாவது வாக்குமூலம் வரை யாரும் தட்டச்சு செய்யாமலே பரவலாம்.

இதைக் கண்டுபிடிக்க நிரல்தான் வழி. மூலத்தில் 'ஆக்கப்பட்ட' என்றோ 'கையளி' என்றோ 'குடுத்த' என்றோ வரும் எல்லா வசனங்களையும் அவற்றின் ஆங்கிலத்தோடு ஒரு பட்டியலாக எடுங்கள். நூற்றுக்கணக்கான கோப்புகளானாலும் சில விநாடிகள்தான். பிறகு மொழி தெரிந்த ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ட்ராடோஸ் கோப்பில் ஒவ்வொரு வசனமும் எப்படி வந்தது என்பதும் பதிவாகியிருக்கும்: மனிதர் எழுதியதா, நினைவகத்திலிருந்து வந்ததா, இயந்திர மொழிபெயர்ப்பா, மீள்பார்வை செய்து ஒப்புதல் தரப்பட்டதா என்று. இயந்திரம் போட்டதை யாரும் தொடாமல் விட்ட வசனங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூலப் பெட்டியில் இருப்பது எப்போதும் மூல ஆவணத்தின் சரியான நகல் என்று சொல்ல முடியாது. சில மென்பொருள்கள் மொழிபெயர்ப்பாளர் மூல வசனத்தையே திருத்த அனுமதிக்கின்றன. எழுத்துப்பிழை திருத்துவதற்கான வசதி அது. எனவே உள்ளே வைக்கப்பட்டிருக்கும் மூல ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவு இருந்தால் எல்லாவற்றுக்கும் மேலான மூலம் அதுதான்.

இதே கோப்பு ஆளைக் காட்டியும் கொடுக்கும்

அறிக்கையில் சாட்சியின் பெயர் நீக்கப்பட்டு ஓர் எண் மட்டும் இருக்கலாம். இடைக்கோப்பில் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. ஊர், பிள்ளைகளின் பெயர், முகாமின் பெயர், சில வேளைகளில் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் பயனர்பெயரும், அவர் எந்தத் திகதியில் எத்தனை மணிக்கு வசனத்தைத் திருத்தினார் என்பதும் பதிவாகியிருக்கலாம். நினைவகக் கோப்பை வேறொரு வேலைக்காக வேறொருவருக்கு அனுப்பும்போது இவையும் கூடவே போகின்றன. அனுப்புகிறவர் அதை அறியாமலே போகின்றன.

புலனாய்வாளர்கள் வீடு தேடி வந்து விசாரிக்கும் அனுபவம் உள்ள ஒரு சமூகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே இந்தக் கோப்புகளை இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்களில் ஏற்றக் கூடாது. எல்லாவற்றையும் இணைய இணைப்பைத் துண்டித்த கணினியில் செய்யலாம். பைதனுக்கு இணையம் தேவையில்லை. எடுத்த பட்டியலைக் கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்து வைக்க வேண்டும். மூல வசனங்களை நிரலால் வாசிக்க முடிவதில் இங்கேயும் நன்மை உண்டு. எந்தக் கோப்பில் எந்தப் பெயர் இருக்கிறது என்று தேடி அறிந்தால்தான், வெளியே அனுப்பும் பிரதியிலிருந்து அதை நீக்க முடியும்.

செய்ய வேண்டியவை

அமைப்புகளிடம் பழைய வன்தட்டுகள், பென்ட்ரைவ்கள், சீடிகள் இருக்கும். அவற்றில் எக்ஸ்லிஃப், ரிஎம்எக்ஸ் என்று முடியும் கோப்புகள் இருந்தால் முதலில் அப்படியே ஒரு பிரதி எடுங்கள். மூலப் பிரதியில் கைவைக்காதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற கைரேகை எண்ணைக் கணித்து எழுதி வையுங்கள். பின்னொரு நாள் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட அது உதவும். அதன் பிறகு தமிழை எடுங்கள்.

மொழிபெயர்ப்பு வேலையை வெளியே கொடுக்கும் அமைப்புகள் ஆங்கில ஆவணத்தோடு இடைக்கோப்பையும் தரும்படி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். வேலை முடிந்ததும் மொழிபெயர்ப்பாளர் தன்னிடம் உள்ள பிரதியையும் நினைவகத்தையும் அழிக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதில் தயக்கம் இருக்கலாம். நினைவகம் எங்கள் உழைப்புத்தான். ஆனால் அதில் இருக்கும் சொற்கள் எங்களுடையவை அல்ல.

வாக்குமூலம் கொடுக்கும் குடும்பங்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். நான் சொன்னதன் தமிழ்ப் பிரதி எனக்குக் கிடைக்குமா? ஆங்கிலத்தில் போனதைத் திரும்பத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டுவீர்களா? தமிழ் எங்களிடம் இல்லை என்று யாராவது சொன்னால், மொழிபெயர்த்த கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கோப்பு இருந்தால் நீங்கள் சொன்ன தமிழ் பெரும்பாலும் அதற்குள் இருக்கிறது.

பிள்ளையைத் தேடிய பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்களை மீண்டும் கூப்பிட்டு வாக்குமூலம் எடுக்க முடியாது. அவர்கள் பயன்படுத்திய சொற்கள் பழைய வன்தட்டுகளில் இருக்கின்றன. வன்தட்டுகளும் பத்து, பதினைந்து வருடங்களில் பழுதாகும். ஆகவே இந்த வேலையை இன்னும் தள்ளிப்போட முடியாது.